கமாலுதீன் காணாத பிறை

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. சுங்கை பினாங்கில் நடந்த கல்யாணம். பக்கத்து நாற்காலியில் ரொஸ்னா என்றொரு பெண்மணி. பிரியாணி வரத் தாமதமானதால், தம் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவரும் ஒரு வேடிக்கையை அவர் எடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் அவர்கள் தெருவில் கமாலுதீன் என்று ஓர் ஆள் இருந்தானாம். நோன்புப் பெருநாள் பிறை பார்க்க ஒரு படகு நிறைய ஆட்கள் போனார்களாம். எல்லாருக்கும் பிறை தெரிந்ததாம். இவன் ஒருத்தன் மட்டும் எங்கே, எங்கே என்று கேட்டுக்கொண்டு நின்றானாம். அன்றிலிருந்து அவன் பெயர் குருட்டு கமால். இன்றைக்கும் அவர்கள் வீட்டில் யாராவது மேசைமேல் இருக்கும் சாவியைத் தேடினால், வந்துட்டாரு குருட்டு கமாலு என்பார்களாம்.

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். பிரியாணி வந்தது, நன்றாகவே சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. அன்று வானத்தில் பிறையே இல்லாமல் இருந்திருந்தால்?

அப்படியானால் அந்தப் படகில் ஒழுங்காகப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். அவனைப் பார்த்து மூன்று தலைமுறை சிரித்திருக்கிறது, நேற்றுச் சேர்ந்த ஆள் நான். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைத் தவிர இந்தக் கதைக்கு என்னிடம் வேறு ஆதாரம் கிடையாது. மற்றதெல்லாம் நானாகக் கட்டியது. ரொஸ்னா படித்தால் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.

2

தொடக்கத்துக்குப் பட்ட பாடு கொஞ்சமில்லை.

"கடல் பொன்னாகத் தகதகத்துக்கொண்டிருந்த ஒரு மாலை வேளையில், நோன்பின் களைப்பு முகத்தில் தெரிய, அந்த மனிதர்கள் —"

வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளை நானே நாலாவது வரியில் மூடிவைத்துவிடுவேன்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து —"

இதுவும் வேண்டாம். வருஷத்தை எழுதினால், கணக்குத் தெரிந்த வாசகர் யாராவது அன்று நிலா எத்தனை மணிக்கு அடைந்தது என்று பார்த்துவிட்டு என்னோடு சண்டைக்கு வருவார். முப்பதுகளில் ஏதோ ஒரு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தொடக்கம்: "ஜார்ஜ் டவுனில் இருந்துகொண்டு பிறை பார்ப்பது லேசான காரியமில்லை."

இது நிற்கும், ஏனென்றால் இது உண்மை. ஊர் பினாங்குத் தீவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது, மேற்கே மலை நிற்கிறது. புதுப் பிறையோ சூரியன் அடைந்த கையோடு மேற்கில் தாழத் தெரிந்துவிட்டுக் கீழே போய்விடும். ஊரிலிருந்து பார்த்தால் மலைதான் தெரியும். அதனால் நம் கதையின் தெருவில் ஒரு பழக்கம் இருந்தது. இருபத்தொன்பதாம் நோன்பன்று பிற்பகல் ஒரு லாஞ்சை, அதாவது இயந்திரப் படகை, எடுத்துக்கொண்டு, தீவைச் சுற்றி மூக்கா முனையைத் தாண்டிப் போய், மேற்கே வெறுங்கடல் தெரியும் இடத்தில் நின்று பார்ப்பார்கள். கண்டுவிட்டால் மறுநாள் பெருநாள். காணாவிட்டால் இன்னொரு நோன்பு, முப்பதாவது.

(பிறை என்பது நிலாவில் வெயில் படும் ஓரம். அமாவாசை கழிந்து சில மணி நேரமே ஆன நிலா சூரியனை விட்டு விலகியிருக்காது, அதோடு கூடவே அடைந்துவிடும். எப்பேர்ப்பட்ட கண்ணுக்கும் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் அதற்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் வயதாக வேண்டும். இந்தக் கதையின் மாலையில் நிலாவுக்கு அரை நாள் வயதுகூட ஆகவில்லை. அதை முடிவு செய்தது நான்தான். ஒரு வரியை மாற்றினால் பிறையை வரவழைத்துவிடலாம். மாற்றப்போவதில்லை.)

3

அந்த லாஞ்சின் சுக்கானைப் பிடித்தவர் சிக்கந்தர். ஐம்பதைத் தொட்ட வயது. மற்ற நாட்களில் நடுத்துறையில் நங்கூரம் போட்ட கப்பல்களுக்கும் கரையிலிருந்த ஜெட்டிக்கும் இடையே ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் அவர் வேலை. கப்பல் அடிவானத்தில் புள்ளியாக இருக்கும்போதே புகைபோக்கியின் நிறத்தைச் சொல்லிவிடுவார் என்று பெயர் வாங்கியவர். தெருவில் அவரைப் பருந்துக்கண் சிக்கந்தர் என்பார்கள். பெருநாள் பிறையை வருஷா வருஷம் முதலில் காண்பவர் அவர்தான். அவர் விரலை நீட்டினால் தெருவில் பெட்டி திறந்து புதுச்சட்டையை எடுப்பார்கள்.

அந்தக் கண் ஒரு வருஷமாக மங்கிக்கொண்டு வந்தது. அவருக்கு அது தெரிந்தது ஒரு பௌர்ணமியன்று. நிலாவில் இருக்கும் கறை என்ன என்று லாஞ்சில் எப்போதும் ஒரு வாய்ச்சண்டை நடக்கும். கயிறு பிடிக்கும் மலாய்க்காரர் அது ஆலமரம் என்பார். கப்பல் சாமான் கணக்குப் பார்க்க வரும் சீனர் அது மருந்து இடிக்கும் முயல் என்பார். முயல் சரி, உலக்கை கிடையாது என்பது சிக்கந்தரின் கட்சி. அன்று அண்ணாந்து பார்த்தார். கறையே இல்லை, கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. இன்றைக்கு நிலா என்ன சுத்தம் என்றுதான் முதலில் நினைத்தார். மற்ற இருவரும் வழக்கம்போல மரமா முயலா என்று தொடங்கியதும்தான், கோளாறு நிலாவில் இல்லை என்று புரிந்தது. முயலேதான் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

(கறை என்று நாம் சொல்வது பழைய எரிமலைக் குழம்பு ஓடி உறைந்துபோன சமவெளி. அதற்கும் கடல் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள், சொட்டுத் தண்ணீர் கிடையாது. இதை வைத்துக்கொண்டு சுக்கான் பிடிப்பவரைப் பற்றி ஓர் அழகான வரி எழுதினேன். ரொம்ப அழகாக இருந்ததால் அடித்துவிட்டேன்.)

அவர் யாரிடமும் சொல்லவில்லை, மனைவி ஹமீதாவிடம்கூட. கண் போனது தெரிந்தால் சுக்கான் போகும். ஆனால் அவரைக் கூசவைத்தது வேலை போவதல்ல. பருந்துக்கண் என்று கூப்பிட்ட வாய்கள் இனி எப்படிக் கூப்பிடும் என்பதுதான்.

4

அன்று லாஞ்சில் இருந்தவர்களில் இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒருவர் இப்ராஹிம். அத்தரும் தொப்பியும் விற்கும் கடைக்காரர், சிக்கந்தரின் வயதுதான், பழைய சிநேகிதர். நோன்பைத் தொடங்க ஒரு சாட்சி போதும், முடிக்க இரண்டு சாட்சி வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வருஷா வருஷம் அந்த இரண்டாவது சாட்சி இப்ராஹிம்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இன்னொருவன் கமாலுதீன். லாஞ்சின் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவன், இருபத்தைந்து வயது. இப்ராஹிமின் மகள் நூர்ஜானை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். பெருநாள் கழிந்து அந்த மாதத்திலேயே நிக்காஹ்.

சூரியன் கடலில் இறங்கியது. இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார் சிக்கந்தர். லாஞ்சு ஆடிக்கொண்டு நின்றது. ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை, எல்லாரும் சிக்கந்தரின் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவருக்கோ மேற்கு முழுக்க ஒரே செம்மஞ்சள் பூச்சு. கீழே ஒரு கருப்புக் கோடு, அது மேகமாக இருக்க வேண்டும். நேரம் போய்க்கொண்டிருந்தது. மற்றவர்களாவது பார்க்கட்டும் என்று, எங்கே பார்க்க வேண்டும் என்பதைக் காட்ட விரலை நீட்டினார்.

"அந்த மேகத்துக்கு மேல பாருங்க."

அவர் சொன்னது அவ்வளவுதான். கண்டேன் என்று சொல்லவில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் அவரே இதைத் தமக்குத் தாமே பலமுறை அழுத்திச் சொல்லிக்கொள்ளப்போகிறார். அதற்குள் பக்கத்தில் நின்ற இப்ராஹிம் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்லிவிட்டு, கண்டாச்சு என்றார்.

அத்தர்க் கடையில் உட்கார்ந்தே இருக்கும் இந்த மனிதனின் கண்ணுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. இதுதான் சிக்கந்தர் நினைத்தது. பிறை அங்கே இருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஆமா, அதேதான் என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கண்டார்கள். ஒருவர் மெல்லிசு என்றார், இன்னொருவர் மேகம் மறைக்குது, இப்ப விலகிடுச்சு என்றார்.

கமாலுதீன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மேலே வந்தான். நெடுநேரம் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றான்.

புகையில வெந்து கண்ணு போச்சு லா என்று யாரோ சொல்ல, லாஞ்சே சிரித்தது. சிக்கந்தரும் சேர்ந்து சிரித்தார்.

5

சாட்சி கேட்டுப் பெருநாளை அறிவிக்கும் காஜியார் பள்ளிவாசலில் காத்திருந்தார். வழக்கமான கேள்விகளைக் கேட்டார். எந்தத் திசை, எவ்வளவு உயரம், கொம்பு எப்படி இருந்தது. சிக்கந்தர் தயங்கவே இல்லை. இத்தனை வருஷம் உண்மையாகவே கண்ட பிறைகள் அவருக்குள் இருந்தன. நம் ஊரில் பிறை நிமிர்ந்து நிற்காது, தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும், தை மாதத்தில் வலக்கொம்பு சற்றுத் தாழ்ந்திருக்கும். அதை அப்படியே சொன்னார். முன்பு கண்டவனால்தான் இவ்வளவு நேர்த்தியாகப் பொய் சொல்ல முடியும். அல்லாஹ்வின் மேல் ஆணையாகக் கண்டேன் என்றார். இப்ராஹிமும் சொன்னார்.

லாஞ்சில் இருந்த எல்லாரும் கண்டீர்களா என்று காஜியார் பொதுவாகக் கேட்டார். கமாலுதீன் பேசாமல் நின்றிருக்கலாம். அவன் நிற்கவில்லை.

"நான் காணல. அவங்க கண்டிருந்தா சரிதான்."

காஜியார் தலையசைத்தார். இரண்டு சாட்சி போதும். நகரா முரசு முழங்கியது. தெருவில் மாவு பிசையத் தொடங்கினார்கள். கடலுக்கு அக்கரையில் கெப்பாலா பத்தாஸ் பக்கம் ஒரு நாள் கழித்துத்தான் பெருநாள் என்று பின்னால் செய்தி வந்தது. அங்கே மேகமாக இருந்திருக்கும் என்று தெரு முடிவு செய்தது.

6

இந்த இடத்தில் எனக்கு இப்ராஹிமின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. கதைக்கு ஒரு கெட்டவன் தேவைப்பட்டதால் அவரைப் பிடித்து நிறுத்திவிட்டேனா? நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

பெருநாள் தொழுகை முடிந்து கட்டித்தழுவிக்கொள்ளும்போதே கமாலுதீனுக்குப் பெயர் வைத்தாயிற்று. ஒருத்தர் அவன் முகத்துக்கு முன்னால் விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்டார். அவனும் சிரித்துக்கொண்டே சொன்னான். இரண்டு நாள் போனால் ஓய்ந்துவிடும் என்று நினைத்திருப்பான். ஓயவில்லை. அடுத்து அவனுக்குச் சுக்கான் பழக்கிவிடலாம் என்றிருந்த லாஞ்சு முதலாளி, பார்க்கலாம் என்று இழுத்தார். பிறகு இப்ராஹிமின் கடைக்கு வந்தவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். குருடனுக்கா மகளக் குடுக்கப் போறீங்க? ஒருவர் விளையாட்டாகக் கேட்டார், இன்னொருவர் அக்கறையாகக் கேட்டார். கேள்வி ஒன்றுதான். பத்து நாள் ஆவதற்குள் இப்ராஹிம் ஆள் அனுப்பி, நிக்காஹ் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நூர்ஜான் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவளை யாரும் கேட்கவில்லை.

கமாலுதீன் மறுநாளும் நேரத்துக்கு வேலைக்கு வந்தான். இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டான். சுக்கானுக்குப் பக்கத்தில் நின்ற சிக்கந்தரால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறை இருந்தது, இப்ராஹிம் கண்டார், பையனுக்குக் கண் கொஞ்சம் மட்டம்தான் போலிருக்கிறது என்று மனசைத் தேற்றிப் பார்த்தார். தேறவில்லை. நடுத்துறையில் நிற்கும் கப்பலின் பெயரை ஜெட்டியிலிருந்தே வாசிக்கிறவன் அவன். எழுத்தைத் தாம் தடவித்தான் பார்க்க வேண்டும் என்ற நிலைமையில் இருப்பவர் அவர். குருடு என்ற பட்டம் தமக்கு வர வேண்டியது, அதை எடுத்து அவன் நெற்றியில் ஒட்டியாயிற்று. சோறு இறங்கவில்லை. தொழுகையில் வரிசையின் ஓரத்துக்குப் போய் நின்றார். காஜியார் எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பினார்.

7

கிரகணத்தை ஒரு கெட்ட எண்ணத்தோடுதான் இந்தக் கதைக்குள் கொண்டுவந்தேன். நிலாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிப் பொய்யைப் பிடிக்கலாம் என்பது திட்டம். சந்திர கிரகணம் பௌர்ணமியில்தான் வரும். சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவே பூமி வந்து நிற்க வேண்டும், நம் நிழல் போய் நிலாவின் மேல் விழ வேண்டும். பிறை கண்ட இரவிலிருந்து எண்ணினால் பதினான்காம் இரவு நிலா நிறையும் என்பது தெருவின் கணக்கு. இவர்கள் ஒரு நாள் முந்தித் தொடங்கிவிட்டார்கள். கிரகணம் இவர்களுடைய பதினைந்தாம் இரவில் வரும், குட்டு உடையும், கதை முடியும்.

கணக்கைச் சரிபார்த்தபோது தலையில் கை வைத்துக்கொண்டேன். நிலா எப்போதும் ஒரே வேகத்தில் போவதில்லையாம். சரியாகப் பிறை கண்டு தொடங்கிய மாதத்திலும் சில சமயம் பதினைந்தில் நிறையுமாம். ஆக, கிரகணம் எதையும் நிரூபிக்காது. பள்ளிவாசல் முற்றத்தில் ஒருவர், இன்னைக்குப் பதினஞ்சாச்சே, நேத்தே நெறஞ்சிருக்கணுமே என்று விரல்விட்டு எண்ணத்தான் செய்தார். பதினைந்திலும் பிடிக்கும் என்று காஜியார் சொன்னார். அவர் சொன்னது சரி. பொய்யைச் சொன்னவர்தான் அதை எடுக்க வேண்டும், வானம் வந்து எடுக்காது.

ஆனால் கிரகணத்தை வரவழைத்தாயிற்று. இஷா தொழுகை முடிந்த நேரம். கிரகணத் தொழுகைக்கு இன்னும் அழைக்கவில்லை. சிக்கந்தர் வீட்டுக்கு வந்து, கூரை திறந்த நடுமுற்றத்தில் நின்றார். ஹமீதா ஏற்கெனவே அங்கே அண்ணாந்துகொண்டிருந்தாள். பின்தெருவில் சீனர் வீடுகளில் தகரத்தையும் சட்டியையும் தட்டும் சத்தம் கேட்டது. நிலாவை எதுவோ விழுங்குகிறதென்று அதை விரட்டுகிறார்கள். சத்தம் கேட்டதால்தான் பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. அவர் கண்ணுக்கு மேலே ஒரு வெளிச்சக் கொப்புளம் மட்டும் இருந்தது.

"எவ்வளவு பிடிச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டார்.

ஹமீதா நிலாவை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். "கால்வாசிங்க," என்றாள். கிட்டே வந்து, "உங்களுக்குத் தெரியலையா," என்றாள்.

மேகம் மறைக்குது என்றார். வானத்தில் மேகமில்லை. கொஞ்ச நாளாக மீனில் முள்ளை அவர் விரலால் தடவித் தேடுவதை அவள் கவனித்துத்தான் இருந்தாள். பிறகு அவர் தொழப் போனார். திரும்பி வரும்போது நிலா முழுக்க மூடி, பழைய செம்புச் சொம்பு நிறத்தில் தொங்கியது. அந்த நிறம் மட்டும் அவருக்குத் தெரிந்தது.

8

மறுநாள் காலை ஹமீதா அவருக்கு மட்டும் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

பெருநாளுக்குப் பிறகு அந்த மாதத்தில் ஆறு நோன்பு வைப்பது அவர்கள் வீடுகளில் வழக்கம். ஹமீதா ஆறையும் ஒரு வாரத்துக்கு முன்பே வைத்து முடித்திருந்தாள். ரமலானில் விட்டதும் அவளுக்கு எதுவும் கிடையாது, மாதவிலக்கு நின்று வருஷங்கள் ஆகியிருந்தன. ஆறும்தான் முடிஞ்சுபோச்சே என்று அவர் கேட்டார்.

"இது அதுல சேராதுங்க," என்றாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கணவன் பேச்சை நம்பி வைக்காமல் விட்ட முப்பதாவது நோன்பை அவள் வைக்கிறாள். தெருவுக்குத் தெரியாமல், அவரை ஒரு வார்த்தை கேட்காமல். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். தேநீரைக் குடிக்காமல் எழுந்து நேரே இப்ராஹிமின் கடைக்குப் போனார். தாம் காணவில்லை என்று சொல்லிவிடுவது, இப்ராஹிம் கண்டது மெய் என்று உறுதிப்படுத்திக்கொள்வது, அந்த அளவுக்காவது மனசு ஆறட்டும் என்பது அவர் எண்ணம்.

கடையில் வேறு யாரும் இல்லை. கண் மங்கியதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். இப்ராஹிம் அத்தர்ச் சீசாக்களைத் துடைத்துக்கொண்டே கேட்டார், பிறகு துடைப்பதை நிறுத்தினார்.

"நீ காணலையா?" என்றார்.

"நீ கண்டியே, அது மெய்தானே?"

இப்ராஹிம் தெருவைப் பார்த்தார். யாரும் வரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"சிக்கந்தரு, அன்னைக்கு மட்டும் இல்ல, எந்த வருஷமும் நான் பிறையக் கண்டதே இல்ல. ஒன் விரலத்தான் பார்த்தேன். நீ நீட்டினா அங்க இருக்கும். எனக்கு அது போதும்னு இருந்துட்டேன்."

சிக்கந்தர் முக்காலியில் உட்கார்ந்தார். அப்போது ஒருவர் அத்தர் வாங்க வந்தார். இப்ராஹிம் எழுந்து ஸலாம் சொல்லி, அவர் மணிக்கட்டில் ஒரு துளி தடவிக் காட்டி, விற்று, சில்லறை கொடுத்து, சிரித்து அனுப்பினார். வந்தவர் போகிற போக்கில், ஒங்க குருட்டு மாப்பிள்ளை என்ன ஆனாரு என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்கும் இப்ராஹிம் சிரித்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"காணாத என்னை மாமனாரா ஏத்துக்க இருந்தவன, காணலன்னு சொன்னதுக்காக வேணாம்னுட்டேன். எம் மக அன்னையிலேர்ந்து சரியாச் சாப்பிடல."

வா, காஜியாரிடம் போகலாம் என்று சிக்கந்தர் கூப்பிட்டார். இப்ராஹிம் வரவில்லை. நீ போனால் நானும் பொய்ச் சாட்சி ஆவேன் என்றார். இந்த ஒரு பெருநாள் மட்டுமில்லை, இதுவரை நாம் சொன்ன அத்தனை பெருநாளும் ஒற்றைச் சாட்சியில் நின்றதாகிவிடும், தெரு முகத்தில் எப்படி விழிப்பேன் என்றார். தம் வெட்கத்தைக் கழுவப் போனால் அது சிநேகிதன் தலையில் வழியும் என்று சிக்கந்தருக்கு அப்போதுதான் விளங்கியது.

இல்லை, இப்ராஹிம் கெட்டவர் இல்லை. அவரைக் கெட்டவராக வைத்துக்கொண்டால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

9

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் இரண்டு பேரும் எழுந்து நின்று சொல்லிவிடுகிறார்கள். தெருவே ஒரு நோன்பை ஈடு வைக்கிறது. கமாலுதீனுக்கு நிக்காஹ். இதைக் கடைசி வரி வரை எழுதினேன், எழுதும்போது கண்கூடக் கலங்கியது. ஆனால் அப்படி நடந்திருந்தால் குருட்டு கமால் வேடிக்கை என் பந்தி வரைக்கும் வந்திருக்காது. கிழித்துவிட்டேன்.

இரண்டாவதில், சிக்கந்தர் லாஞ்சைக் கொண்டுபோய் ஒரு சம்பான் படகில் மோதுகிறார். கமாலுதீன் தண்ணீரில் குதித்து —

ஒரு மனிதருக்குக் கண் மங்கியதற்காக இன்னொரு மனிதரை மூழ்கடிக்கும் கதைகளை எனக்குப் பிடிக்காது.

மூன்றாவதில், நூர்ஜான் தானே தெருவில் இறங்கி எல்லாரையும் கேள்வி கேட்கிறாள். ஆசையாகத்தான் தொடங்கினேன். இதுவரை ஒரு வார்த்தை பேச அவளுக்கு நான் இடம் கொடுக்கவில்லை. இப்போது ஆண்கள் சிந்தியதைத் துடைக்க மட்டும் அவளைக் கூப்பிடுவது எனக்கே கேவலமாகப் பட்டது. அதனால் இருப்பதைச் சொல்கிறேன். அன்று பிற்பகல் சிக்கந்தருக்கு லாஞ்சில் வேலை இருந்தது.

10

கப்பலில் ஆளை இறக்கிவிட்டு லாஞ்சு ஜெட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. இயந்திர அறையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு கமாலுதீன் யாரிடமோ பேசுவது போலச் சொன்னான். வலப்பக்கம் சம்பான் ஒண்ணு வருது. கொஞ்ச நேரம் கழித்து, போயா மிதவைக்கு இந்தப் பக்கம் கயிறு மெதக்குது.

சிக்கந்தர் வழக்கம்போலச் சுக்கானைத் திருப்பினார். திருப்பிய பிறகுதான் தமக்குச் சம்பானும் தெரியவில்லை, கயிறும் தெரியவில்லை என்பது உறைத்தது. பையன் எப்போதும் இப்படித்தான். அறைக்குள் சூடு, அதனால் தலையை நீட்டி எதையாவது அளந்துகொண்டிருக்கிறான், வாயாடி என்று நினைத்திருந்தார்.

"எப்பலேர்ந்து இப்படிச் சொல்லிட்டு வர்ற?"

"போன ஹஜ்ஜுப் பெருநாள்லேர்ந்துண்ணே," என்றான்.

"அப்ப மூக்கா முனையில..."

"தெரியும்ணே."

"ஏன்டா சொல்லல?"

"நான் காணலன்னு சொன்னேன். நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். மத்தது நீங்க சொல்ல வேண்டியதுண்ணே."

அதில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் வைத்து ஒருமுறை எழுதினேன், கோபமில்லாமல் ஒருமுறை எழுதினேன். இரண்டிலும் சிக்கந்தருக்குச் சுக்கானைப் பிடித்த கை கூசியது. பெயரும் கிடைக்கவிருந்த சுக்கானும் பெண்ணும் போன பிறகும் இவன் தினமும் தம்மைக் கரை சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

ஜெட்டியில் தெரு ஆட்கள் ஏழெட்டுப் பேர் ஏறக் காத்திருந்தார்கள். லாஞ்சு நெருங்கியதும் ஒருவர் கையைத் தட்டினார். "என்ன குருட்டு கமாலு, ஜெட்டி தெரியுதா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

கமாலுதீன் தலையைத் தூக்கவில்லை. "இன்னும் நாலடிண்ணே," என்றான், சிக்கந்தருக்கு மட்டும் கேட்கும்படி. "கொஞ்சம் இடது. ரெண்டடி. போதும்."

லாஞ்சு அலுங்காமல் ஜெட்டியைத் தொட்டது. பருந்துக்கண்ணு பருந்துக்கண்ணுதான் என்று கரையில் ஒருவர் மெச்சினார். சிக்கந்தர் சுக்கானை விட்டுவிட்டு ஆட்களின் பக்கம் திரும்பினார். முகங்கள் தெரியவில்லை, சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. தொண்டையைச் செருமினார். சிரிப்பு அடங்கியது.

(அடுத்தது அவர் பேச வேண்டிய வரி. அவர் வாய்விட்டுச் சொன்னால் இப்ராஹிம் தெருவில் நிற்க முடியாது, சொல்லாவிட்டால் கமாலுதீன் சாகும்வரை குருடன். எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். என்னால் ஆகவில்லை. இந்தக் கதையை இதுவரை படித்துவிட்டீர்கள், யார் கண்டார், யார் காணவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். அவர் வாயைத் திறந்துவிட்டார். வரியை நீங்கள் கொடுங்கள்.)

"கேளுங்கப்பா," என்றார் சிக்கந்தர், "அன்னைக்கு மூக்கா முனையில